இறப்புச் சான்றிதழ்: சொத்துக்கு ஐந்து நட்சத்திரம், நோய்க் கணக்குக்கு ஒன்றரை

செங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்து இருபத்து நாலு வருடம் ஆகிறது. ஜனங்கள் பரோட்டாக் கடைக்கும் மிக்ஸிக்கும் நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள். என் கையில் தினமும் புழங்குகிற ஒரு பொருளுக்கு மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இறப்புச் சான்றிதழ். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், கலர் பத்து, லேமினேஷன் முப்பது. லேமினேஷன் வேண்டாம் என்று நானே சொல்வேன். ஒரிஜினலில் சீல் குத்த வேண்டும் என்று எந்த ஆபீசிலாவது கேட்டால் பிளாஸ்டிக்கில் சீல் நிற்காது. கேட்க மாட்டார்கள். அப்பா பெயர் உள்ள காகிதம் நனையக் கூடாது என்பார்கள். சரி என்று போட்டுக் கொடுப்பேன்.

இதை எழுத வைத்தது எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர். போன வைகாசியில் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார்கள். தெருவில் அடுத்தடுத்து கேன்சர் சாவுகள். புதிதாக நிற்கும் செல்போன் கோபுரம்தான் காரணம் என்று அவர்களுக்குச் சந்தேகம். திங்கட்கிழமை தென்காசியில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கப் போகிறார்களாம்.

"அண்ணாச்சி, நம்ம தெருவுல கேன்சர்ல போனவங்க எத்தனை பேருன்னு உங்க கடையில கணக்கு இருக்கும்லா? எல்லாச் சான்றிதழும் உங்ககிட்டதான வருது. ஒவ்வொரு காப்பி எடுத்துக் குடுங்க, மனுவோட வச்சுருவோம்."

முதலில், அடுத்த வீட்டுக் காகிதத்தை நான் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் அப்படிச் செய்தால் ஊரில் கடை நடத்த முடியாது. இரண்டாவதாக, மேஜை டிராயரில் இருந்த என் சொந்த அப்பாவின் சான்றிதழை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். "இதுல எதனால செத்தாருன்னு எங்க இருக்கு, காட்டு" என்றேன். பெயர், ஆணா பெண்ணா, இறந்த தேதி, இறந்த இடம், தாய் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, பதிவு எண், பதிவு செய்த தேதி. ஒருவன் இரண்டு முறை மேலிருந்து கீழாக விரலை ஓட்டினான். அப்புறம் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

இல்லை. நம் நாட்டு இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதன் 17ஆம் பிரிவே, வெளியே கொடுக்கும் நகலில் சாவின் காரணத்தைக் காட்டக் கூடாது என்கிறது. பதிவுக்குக் கொடுக்கும் விவரத்தில் இருக்கும், கையில் கிடைக்கும் காகிதத்தில் இராது. இந்த ஒரு விதிக்கு நான் முழு மனதாகக் கைதட்டுவேன். பேங்க் கிளார்க்கிலிருந்து பெண் பார்க்க வருபவர் வரை இந்தக் காகிதம் எத்தனை கைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் எத்தனை பேருக்குப் புற்று என்று அறிய ஆசைப்பட்டு ஒருவர் இந்தச் சான்றிதழ்களை அடுக்கி வைத்து எண்ணினால், கிடைப்பது வெறும் சாவு எண்ணிக்கைதான்.

சொத்து விஷயத்துக்கு இதை அடிக்க ஆள் இல்லை. பட்டா பெயர் மாற்றம், குடும்ப பென்ஷன், பேங்க் கணக்கு, வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், கரண்ட் இணைப்பு எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது இந்த ஒற்றைத் தாளைத்தான். இருபத்தோரு நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது, முதல் நகலும் சும்மாதான். முப்பது நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் தாலுகா, கோட்டம் என்று அலைச்சல். முன்பெல்லாம் இதற்குக் கோர்ட் படியேற வேண்டியிருந்தது. இப்போது அது இல்லை. பெயரில் பிழை வந்தால் திருத்த வழி உண்டு, விவரம் தெரிந்த இரண்டு பேர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பகுதிக்கு ஐந்து நட்சத்திரம், தயங்காமல்.

சரி, காரணம் எங்கேதான் இருக்கிறது? அது உள்ளே போகிற காகிதத்தில் இருக்கிறது. சாவைத் தெரிவிக்கிற படிவம் 2 இரண்டு பாகம். ஒன்று சட்டப் பாகம், பதிவாளரிடம் தங்கிவிடும். மற்றது புள்ளிவிவரப் பாகம், கிழித்து மேலே அனுப்புவதற்கு. இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்கள், ஆனாலும் கடைக்கு வருபவர்களுக்காக நானே பேனாவால் நிரப்பிக் கொடுத்த காலத்தை மறக்கவில்லை. அந்தப் பாகத்தில்தான் நோயின் பெயரைக் கேட்பார்கள். மருத்துவர் உறுதி செய்தாரா என்று கேட்பார்கள். அதற்குக் கீழே நாலு கேள்வி, பலருக்கும் தெரியாது: இறந்தவர் புகை பிடிப்பவரானால் எத்தனை வருடம், புகையிலை மென்றவரானால் எத்தனை வருடம், பாக்கு, பான் மசாலா போட்டவரானால் எத்தனை வருடம், குடித்தவரானால் எத்தனை வருடம். யார் இந்தக் கேள்வியைப் போட்டாரோ, நல்ல மூளை. புற்றுநோயின் வேரைத் தேடும் கேள்விகள் அவை.

பதில்தான் பிரச்சினை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் மூத்த மகன். மூன்றாம் நாள் தலை மழித்த கோலத்தில் வந்திருப்பார். அவரிடம் போய், "அப்பா வெத்தல, பொகையில எத்தன வருஷம்?" என்று கேட்டால் முகம் சுருங்கும். "பழக்கம் இல்லன்னு போடுங்க அண்ணாச்சி" என்பார். அந்த அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை என் பக்கத்துக் கடையில் புகையிலை வாங்கிக் கொடுத்ததே இந்த மகன்தான். நான் இல்லை என்றே எழுதுவேன். எழுதுகிறவனுக்கு வாதாடும் உரிமை கிடையாது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றை நானே செய்தேன். எங்கள் பின்தெருவில் ஒரு பெரியவர், எல்லாருக்கும் மாமா. உணவுக்குழாயில் புற்று. கஞ்சி இறங்காமல் ஐந்து மாதம் கிடந்து வீட்டிலேயே போனார். டாக்டர் யாரும் கடைசியில் பார்க்கவில்லை. கடைசிப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தார்கள். படிவத்தில் நோயின் பெயர் வரும் இடத்தில் என்ன போட என்று கேட்டேன். மாமி ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "வயசாயிட்டுன்னு போட்டுரு மக்கா." வயோதிகம் என்று எழுதினேன். அவருக்கு அறுபத்தொரு வயது. படிவத்தில் எழுதிய காரணம் வெளியே வராது, சான்றிதழில் இருக்காது, கல்யாணத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை என்று அப்போது எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆக, ரகசியம் காக்கும் விதி இருந்தும் அந்த விதியை ஜனங்களுக்கு யாரும் சொல்லாததால் ரகசியம் படிவத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அரை நட்சத்திரம் இங்கே குறைந்தது.

ஆஸ்பத்திரியில் செத்தால் கதை வேறு. அங்கே டாக்டர் படிவம் 4 எழுதித் தர வேண்டும், வீட்டில் பார்த்த டாக்டர் என்றால் 4ஏ. நாடு முழுவதும் 2020ஆம் ஆண்டில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தவை 22.5 சதவீதம்தான். மற்ற முக்கால் பங்குக்கும் மேலே என்னைப் போன்றவர்கள் எழுதியது, மாமியைப் போன்றவர்கள் சொன்னது. அந்த 22.5க்குள்ளாவது எல்லாம் சரியாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன், அம்மா சாகிற வரைக்கும்.

அம்மாவுக்கு மலக்குடலில் புற்று. 2021 மாசியில் திருவனந்தபுரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.யில் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மதுரையைவிட அதுதான் வசதி. 1956 நவம்பர் வரை நாங்களே திருவிதாங்கூர்-கொச்சிதானே. விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பினால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு என்று வளைந்து வளைந்து ஓ.பி. திறக்கும்போது போய்ச் சேரலாம். கதிர்வீச்சு, ஆபரேஷன், மருந்து. மூன்று வருடம் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். வயிற்றில் மலம் சேரும் பை இருந்தது. அதோடு குற்றாலச் சாரலுக்குப் போய் வந்தாள். கடைசி ஆறு மாதம் ஈரலுக்குப் பரவியது.

2024 ஆடியில் ஒரு ராத்திரி காய்ச்சல், மூச்சுத் திணறல். திருவனந்தபுரத்துக்கே போய்விடலாம் என்று கார் எடுத்தோம். மலை இறங்கியதும் தாங்கவில்லை. வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நிறுத்தினோம். இரவு டியூட்டி டாக்டர் சின்னப் பையன், ஓடி ஓடிப் பார்த்தார். நாலு மணி நேரம். விடியும்போது போய்விட்டாள்.

காலையில் அவர் எழுதிய படிவம் 4இன் பிரதி என் கையில் தந்தார்கள். பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி இதை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும்; தந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் பாகத்தில் மூன்று வரி. முதல் வரி, உடனடிக் காரணம்: இதயமும் சுவாசமும் நின்றது. இரண்டாம் வரி, அது எதனால்: ரத்தத்தில் கிருமித் தொற்று. மூன்றாம் வரி, அது எதனால்: வெறுமை. இரண்டாம் பாகத்தில், கூடவே இருந்த நோய்: சர்க்கரை. எங்கேயும் புற்று இல்லை.

இந்தப் படிவத்தின் சூட்சுமமே கடைசி வரிதான். மேல் வரியில் இதயம் நின்றது என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. இதயம் நிற்காமல் யார் சாகிறார்கள்? எதிலிருந்து எல்லாம் தொடங்கியதோ அதைக் கீழ் வரியில் எழுத வேண்டும். புள்ளிவிவரக்காரர்கள் அதைத்தான் மூலக் காரணமாக எடுத்துக் குறியீடு போடுகிறார்கள். கீழ் வரி காலி என்றால் அதற்கு மேலே இருப்பது மூலமாகிவிடும். அம்மா கிருமித் தொற்றுக் கணக்கில் சேர்ந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. டாக்டரிடம் போய், "மூணு வருஷமா கேன்சர் சார் இவளுக்கு" என்றேன். அவர் நிதானமாக, "ஃபைல் உண்டோ?" என்றார். கார் டிக்கியில் இருந்தது. ஒன்றரை அங்குலத் தடிமனில் நீலப் பை, ஸ்கேன், பயாப்சி ரிப்போர்ட், எல்லாம். அந்த நாலு மணி நேரமும் டிக்கியிலேயே கிடந்தது. பதற்றத்தில் நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவரும் கேட்க நேரமில்லை. எழுதின படிவம் அதற்குள் போய்விட்டது. மாற்றித் தருகிறேன், ஆர்.சி.சி. பேப்பர் காப்பி வேண்டும் என்றார். அம்மா உடலோடு அங்கே ஜெராக்ஸ் கடை தேட எனக்குத் தெம்பில்லை. இருபத்து நாலு வருட ஜெராக்ஸ்காரன் இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை ஃபைலைக் கொடுத்திருந்தாலும் என்ன எழுதியிருப்பார்? ஈரல் புற்று என்று எழுதியிருக்கலாம், கடைசி ஸ்கேனில் ஈரல்தான் கண்ணில் படும். பரவிய இடத்தை மூல இடமாக எழுதுவது இந்தப் படிவத்தில் அடிக்கடி நடக்கிற தப்பு. ஈரல், எலும்பு, மூளை இந்த மூன்றும் இதில் அதிகம் மாட்டும். அல்லது குடல் புற்று என்று பொதுவாக எழுதியிருப்பார். எங்கள் வீட்டிலேயே யாரும் மலக்குடல் என்று சொன்னதில்லை, வயிற்றில் கட்டி என்றுதான் சொல்வோம். இது எங்கள் வெட்கம் மட்டுமல்ல போலிருக்கிறது. அமெரிக்காவில் 1981இல் வெளிவந்த ஒரு ஆய்வு, 48,826 புற்றுநோய்ச் சாவுகளை எடுத்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மூலக் காரணம் பொருந்தியது சுமார் 65 சதவீதத்தில். பெருங்குடல் புற்று இருப்பதைவிட அதிகமாகவும் மலக்குடல் புற்று குறைவாகவும் பதிவாகியிருந்தன. அவர்களும் வயிற்றில் கட்டி என்றுதான் எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில்.

அடுத்தது எல்லைக் கதை. சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. அம்மா வாழ்ந்தது செங்கோட்டை, வோட்டு செங்கோட்டை, ரேஷன் செங்கோட்டை. சாவு மட்டும் கேரளத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சாயத்தில். அங்கே பஞ்சாயத்துச் செயலாளர்தான் பதிவாளர். வேலை சுத்தம். இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், மலையாளமும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக. அம்மா பெயர் இசக்கியில் தொடங்கும். ஆதாரில் ஆங்கில ‘இ’ எழுத்து, அங்கே ‘ஐ’ எழுத்து போட்டுவிட்டார்கள். திருத்தப் போனபோது கவுன்டரில் இருந்த பெண்ணிடம், நோய்க் காரணமும் தப்பு, அதையும் மாற்றலாமா என்று கேட்டேன். "அதிதில் வரில்லா சேட்டா" என்று சிரித்தாள். வராதுதான். பெயரைத் திருத்தித் தந்தாள். மரியாதையான ஆபீஸ், நாலு நட்சத்திரம்.

ஆனால் தென்காசி மாவட்டத்தில் எத்தனை பேருக்குப் புற்று என்று கணக்குப் போடுபவர் எங்கள் பக்கத்துச் சாவுப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் அம்மா இல்லவே இல்லை. கேரளப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு வெளியூர்க்காரி ஒருத்தி தொற்றில் செத்தாள். இந்தச் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ்களைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு அம்மாவின் கதை மட்டுமல்ல என்று தெரியும்.

இதையெல்லாம் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர்க் கடையிலிருந்து இட்லிக்கடை அக்கா சட்னி வாளியோடு வந்தாள். பேச்சைக் கேட்டுவிட்டு, "எனக்குந்தான் கேன்சரு" என்றாள். கழுத்தைச் சாய்த்துத் தழும்பைக் காட்டினாள். தைராய்டு. ஆபரேஷன் முடிந்து பதினான்கு வருடம். காலையில் ஒரு மாத்திரை, அப்புறம் நானூறு இட்லி. அவளை எந்த இறப்புச் சான்றிதழ் கணக்கில் சேர்க்கும்? நாளைக்கே எண்பது வயதில் மாரடைப்பில் போனால் அவளுக்கு வந்த புற்று எந்தச் சாவுக் கணக்கிலும் வராது. புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது ஒரு கேள்வி. அதில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது வேறு கேள்வி. கணையப் புற்று மாதிரி வந்தவரைப் பெரும்பாலும் விடாத நோயில் இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒட்டி வரும். தைராய்டிலும், சீக்கிரம் பிடித்த மார்புப் புற்றிலும் சாவு எண் நோய் எண்ணை எட்டவே எட்டாது. வைத்தியம் நன்றாக இருக்கும் ஊரில் சான்றிதழை எண்ணினால் நோயே குறைவு என்று தோன்றும். திருவனந்தபுரம் பக்கம் தைராய்டுப் புற்று அதிகம் பதிவாகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த சேதி. அதைச் சொன்னது சாவுக் கணக்கு அல்ல.

சொன்னது பதிவேடு. புற்றுநோய்ப் பதிவேடு என்பது தனி வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1981-82இல் தேசிய அளவில் தொடங்கியது, சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் முதல் வரிசையிலேயே இருந்தது. தமிழ்நாடு முழுவதையும் சேர்த்த பதிவேடு 2012இலிருந்து. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருடம் அந்தப் பதிவேட்டுக்கு வேலை செய்யும் ஒரு பெண் கடைக்கு வந்தாள், கையில் பட்டியல். சாவுப் பதிவு ஆபீஸில் வேலையை முடித்துவிட்டு நகல் எடுக்க வந்தவள். கரண்ட் போய்விட்டது; உட்காரச் சொன்னேன், பேச்சு வளர்ந்தது.

அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர் என்று உயிரோடு இருக்கும்போதே நோயாளிகளின் விவரம் சேர்ப்பார்களாம். அப்புறம் சாவுப் பதிவேட்டில் புற்று என்று இருப்பவர்களை எடுத்து அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் சரி. பொருந்தாத பெயர் என்றால் அது இவர்கள் கண்ணில் படாமல் போன கேஸ். சாவிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்: எந்த ஆஸ்பத்திரி, எந்த வீடு, முதலில் எப்போது கண்டுபிடித்தார்கள். கிடைத்துவிட்டால் நோய் கண்ட தேதியோடு பதிவாகும். எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால் சான்றிதழ் மட்டுமே சாட்சி என்று தனியாகக் குறிப்பார்கள், இறந்த தேதியையே நோய் கண்ட தேதியாகப் போட்டு.

"அது நிறைய இருந்தா நல்லதா கெட்டதா?" என்று கேட்டேன்.

"நிறைய இருந்தா உயிரோட இருந்தப்ப நாங்க விட்டுட்டோம்னு அர்த்தம் அண்ணா. ஒண்ணுமே இல்லன்னாலும் சந்தோஷப்பட முடியாது, சாவுப் பதிவையே யாரும் பாக்கலையோன்னு வரும்."

ஆக, சான்றிதழை அவர்கள் கணக்குப் புத்தகமாக வைத்துக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் யாராவது சாப்பிடாமல் போய்விட்டார்களா என்று வாசலில் நின்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. அந்த வேலைக்கு இது உதவுகிறது. காரணம் சரியாக எழுதியிருந்தால் இன்னும் உதவும். அவளிடம் பின்தெரு மாமாவைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. வயோதிகம் என்று போட்ட ஒருவரை அவள் எந்தப் பட்டியலில் தேடுவாள்?

எழுதாததை மீட்கவும் ஒரு வழி உண்டு. வீட்டுக்கே போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கதையாகக் கேட்டு, அதை டாக்டர் படித்துக் காரணம் முடிவு செய்வது. வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்கிறார்கள். பெயர்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. சென்னையில் 1990களின் நடுவில் சுமார் 48,000 சாவுகளுக்கு இப்படிச் செய்து பார்த்தார்கள். இன்ன காரணம் என்று சொல்ல முடியாமல் கிடந்த குவியல் வெகுவாகக் குறைந்தது. மாமியிடம் யாராவது போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டிருந்தால், கஞ்சி இறங்கவில்லை என்று அவளே சொல்லியிருப்பாள். நோயின் பெயரைச் சொல்லத்தான் அவளுக்குப் பயம், பட்ட பாட்டைச் சொல்ல அல்ல.

பையன்களுக்கு நான் கொடுத்த உதாரணம் கருநாகப்பள்ளி. எங்கள் ரயில் போய்ச் சேரும் கொல்லத்துக்குச் சற்று வடக்கே. கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது, அதனால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். அங்கே நோய் கூடுதலா என்று பார்க்க ஆர்.சி.சி. 1990இல் பதிவேடு தொடங்கியது. வீடு வீடாகப் போனார்கள், கதிர்வீச்சை அளந்தார்கள், பீடி பிடிப்பாரா என்று கேட்டார்கள். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் பின்தொடர்ந்து, 1,379 புற்றுகளைப் பதிவு செய்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள்: அந்த மண்ணின் கதிர்வீச்சால் புற்று கூடியதாகத் தெரியவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க அவ்வளவு வேலை. நீங்கள் ஒரு கத்தை லேமினேஷனோடு கலெக்டரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றேன். ஒருவனுக்கு மூக்கு சிவந்தது. அவன் அப்பாவும் அந்த வருடம்தான் போயிருந்தார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அவர்கள் மனுவைக் கைவிடவில்லை, ஒத்தி வைத்தார்கள். நோட்டு ஒன்று போட்டார்கள்: பெயர் வேண்டாம், வயது, எந்த உறுப்பு, எந்த வருடம் முதலில் தெரிந்தது, தெருவில் எத்தனை வருட வாசம். பாதி வீட்டில் கதவைத் திறந்து காப்பி கொடுத்தார்கள், மீதி வீட்டில் விஷயம் தெரிந்ததும் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். கிடைத்த வரையில் வாய், மார்பு, இரைப்பை, கர்ப்பப்பை வாய் என்று ஆளுக்கொரு உறுப்பு. அதில் இரண்டு பேருக்குக் கோபுரம் வருவதற்கு முன்னாலேயே நோய். பையன்கள் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தார்கள்.

நட்சத்திரக் கணக்கு கேட்பவர்களுக்கு: சொத்துக்கு ஐந்து. ரகசியம் காப்பதற்கு நாலரை. நோய் எத்தனை பேருக்கு வந்தது என்று அறிய, இதை மட்டும் நம்பினால் ஒன்றரை. பதிவேட்டோடு சேர்த்து வாசற்படிக் காவலாக வைத்தால் மூன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் ஃபைலை டிக்கியில் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

அன்று கரண்ட் வந்த பிறகு அந்தப் பதிவேட்டுப் பெண் எழுந்தாள். நான் டிராயரிலிருந்து நீலப் பையை எடுத்து அம்மாவின் ஆர்.சி.சி. எண் உள்ள தாளைக் காட்டினேன். எங்கே இறந்தார் என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப எங்க சாவு லிஸ்ட்ல வந்திருக்க மாட்டாங்க" என்றவள் பேனாவைத் திறந்தாள். "முதல்முதலா எப்பண்ணா தெரிஞ்சுது?" மாசி 2021 என்றேன், பயாப்சி தேதியைப் பார்த்து அவளே சரியாக எழுதிக்கொண்டாள். உறுப்பு என்ற இடத்தில் மலக்குடல் என்று முழுசாக எழுதினாள். அந்த இரண்டு தாளையும் நானே நகல் எடுத்துக் கொடுத்தேன். நாலு ரூபாய். வேண்டாம் என்றேன், மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.